சதைத் துண்டைப் படித்த டாக்டர்

திருவேங்கடத்திலிருந்து தென்காசிக்குப் போய் ஸ்கேன் எடுத்து வருகிறவர்கள் சிலரின் சீட்டில், கல்லீரலில் கொழுப்பு என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் அதோடு சரி. நோய் முற்றியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், சிலருக்கு மட்டும் டாக்டர் நீண்ட ஊசியைச் செலுத்தி, நூல் போன்ற ஒரு துண்டுச் சதையை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க அனுப்புவார்.

அந்தத் துண்டைப் படிக்க உலகத்துக்கு வழிகாட்டியவர், ஜெர்மன் டாக்டர் ருடால்ப் விர்ச்சோ.

இன்று போலந்தில் இருக்கும் ஒரு சிற்றூரில் 1821-ல் அவர் பிறந்தார். தகப்பனார் ஊர்ப் பொக்கிஷதார். கொஞ்சம் விவசாயமும் உண்டு. பையன் படிப்பில் புலி. 22 வயதில் டாக்டரானார்.

1848-ல் சைலீஷியாவில் கொள்ளை நோய். அரசாங்கம் விர்ச்சோவை அனுப்பியது. நோய்க்குக் காரணம் பட்டினியும் படிப்பின்மையும்தான் என்று அவர் எழுதினார். அதே ஆண்டு நடந்த புரட்சியிலும் சேர்ந்தார். அரசாங்கத்துக்குக் கோபம். மறு ஆண்டு பெர்லின் வேலை போயிற்று! 1856-ல் அதே பெர்லின் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

1858-ல் அவருடைய பெரிய புத்தகம் வந்தது. நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. நோய் அந்தச் செல்லில்தான் தொடங்குகிறது என்றார். செல்லுக்குள் கொழுப்பு துளித்துளியாகச் சேர்வதையும் விளக்கினார். இன்று ஈரல் செல்களில் நூற்றுக்கு 5-க்கு மேல் கொழுப்புத் துளி இருந்தால் அது கொழுப்பு ஈரல். செல் ஊதியிருக்கிறதா, வீக்கம் உண்டா, தழும்பு விழுந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இவற்றில் தழும்புதான் பொல்லாதது.

1887-ல் அவருக்குப் பெரிய சோதனை வந்தது. பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் தொண்டையில் கட்டி. புற்றுநோய் என்று ஜெர்மன் டாக்டர்கள் ஆபரேஷனுக்குத் தயாரானார்கள். இங்கிலாந்து டாக்டர் மெக்கன்சி தடுத்தார். கட்டியில் சிறு துண்டுகளை எடுத்து விர்ச்சோவிடம் கொடுத்தார். அவற்றில் புற்றுநோய் இல்லை. ஆனால் கட்டி முழுவதற்கும் இது பொருந்துமா என்று துண்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது என்றும் விர்ச்சோ எழுதினார். அந்த எச்சரிக்கை யார் காதிலும் ஏறவில்லை. ஆபரேஷன் நின்றது.

1888 மார்ச்சில் பிரெடரிக் சக்கரவர்த்தியானார். அதற்குள் பேச்சு போய்விட்டது. காகிதத்தில் எழுதிக் காட்டித்தான் ஆண்டார். 99-வது நாள் காலமானார். புற்றுநோய்தான்.

ஈரலிலும் இதே சங்கடம் உண்டு. ஊசியில் வருவது ஈரலில் சுமார் 50,000-ல் ஒரு பங்கு. துண்டில் தழும்பு இல்லாமல் பக்கத்திலேயே இருக்கலாம். அதனால்தான் 2 சென்டிமீட்டர் நீளமாவது துண்டு வேண்டும் என்கிறார்கள். ரத்தச் சோதனையையும் ஸ்கேனையும் சேர்த்தே முடிவு சொல்கிறார்கள்.

விர்ச்சோ 80 வயதிலும் ஓய்ந்திருக்கவில்லை. 1902 ஜனவரியில், ஓடும் டிராமிலிருந்து குதித்துத் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். செப்டம்பர் 5-ந் தேதி காலமானார்.