கோடையில் தண்ணீர் கேட்காத தோட்டம்

தண்ணீர் குறைந்த இடத்தில் தோட்டம் போட நினைக்கிறீர்களா? அப்படியானால் லெஸ்டர் ரவுன்ட்ரீ என்ற பெண்மணியின் வாழ்க்கையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கடலைப் பார்த்த ஒரு மலைச்சரிவில், அந்த மண்ணின் செடிகளையே வளர்த்து நூறு வயது வரை வாழ்ந்தவர் அவர்.

1879-ல் இங்கிலாந்தின் பென்ரித் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜெர்ட்ரூட் எலன். பிறந்த வீட்டின் குடும்பப் பெயரான லெஸ்டர் என்பதையே பின்னாளில் தன் பெயராக்கிக்கொண்டார். சிறுமியாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. திருமணத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் கிழக்குக் கரையில் வாழ்ந்தவர், 1920-களில் கலிபோர்னியாவின் கார்மெல் ஹைலேண்ட்ஸில் வீடு கட்டித் தோட்டம் போட்டார்.

அந்தப் பகுதியின் பருவநிலையைக் கொஞ்சம் பாருங்கள். மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடை முழுக்க அநேகமாக ஒரு சொட்டும் விழாது. அங்குள்ள சியானோதஸ், மன்சனிட்டா போன்ற புதர்கள் இதற்குப் பழகியவை. மழைக்காலத்தில் வேர்விட்டு வளர்ந்து, கோடையில் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். தடித்த சிறு இலைகளால் நீராவிப்போக்கும் குறையும். இவற்றில் பலவற்றுக்குக் கோடையில் தண்ணீர் பாய்ச்சினால் ஆபத்து. சூடான ஈர மண்ணில் பைட்டோப்தோரா போன்ற வேரழுகல் கிருமிகள் பெருகும். செழித்து நின்ற செடி திடீரெனச் சாகும். பாசத்தோடு ஊற்றிய தண்ணீரே எமனாகிவிடும்.

அந்தக் காலத்தில் கலிபோர்னியாவின் காட்டுப்பூக்களுக்கு இங்கிலாந்துத் தோட்டங்களில் மதிப்பு இருந்தது. உள்ளூரிலோ பலர் வெளியூர்ச் செடிகளையும் புல்தரையையும் வைத்து, கோடையெல்லாம் தண்ணீர் இறைத்தார்கள். சாலைகளும் வீட்டுமனைகளும் மேய்ச்சலும் காட்டுப்பூக்களின் இடத்தைத் தின்றுகொண்டிருந்தன.

ஐம்பது வயதைத் தாண்டியபின் லெஸ்டரின் மணவாழ்க்கை முறிந்தது. அந்த வயதில் ஒரு பெண் தனியாகப் பிழைப்பு நடத்துவது எளிதல்ல. அவர் நம்பியது காட்டுச் செடிகளின் விதைகளை. ஆண்டின் பெரும்பகுதியைக் காட்டிலும் மேட்டிலும் கழித்தார். வசந்தத்தில் பாலைநிலம், பிறகு அடிவாரக் குன்றுகள், கோடை முடிவில் சியரா நெவாடாவின் உயரங்கள் எனப் பூக்கும் காலத்தைத் தொடர்ந்தே பயணம் செய்தார். கார் போகும் வரை கார். அதற்கு மேல் நடை. திறந்த வெளியில் படுத்து உறங்கினார். விதைகளைச் சேகரித்து விற்றார்.

ஒவ்வொரு செடியும் எந்த மண்ணில், எந்தச் சரிவில், எதன் நிழலில் நிற்கிறது என்று நேரில் பார்த்தார். தண்ணீர் தேங்காத தன் வீட்டுச் சரிவில் அவற்றை வளர்த்துச் சோதித்தார். இப்படிக் கற்றதை 1936-லும் 1939-லும் இரு நூல்களாக எழுதினார். முதல் நூல் காட்டுப்பூக்கள் பற்றியது, இரண்டாவது பூக்கும் புதர்கள் பற்றியது.

விதை முளைப்பிலும் அந்தச் செடிகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சியானோதஸ் விதையின் தோல் மிகக் கடினம். காட்டுத்தீயின் வெப்பம் பட்ட பிறகே பெருமளவில் முளைக்கும். தோட்டத்தில் வளர்ப்பவர்கள் தீக்குப் பதிலாக வெந்நீர் நேர்த்தி செய்கிறார்கள். சூபாபுல் விதைக்கு நாம் செய்வதும் இதுதான்.

1965-ல் கலிபோர்னியாவில் இயல்தாவரச் சங்கம் தொடங்கப்பட்டபோது, 86 வயதான லெஸ்டரைக் கௌரவத் தலைவராக்கினார்கள். 1979 பிப்ரவரியில், நூறு வயது நிறைந்த சில நாட்களில் அவர் காலமானார். மன்சனிட்டாவின் ஓர் இரகம் இன்றும் அவர் பெயரில் நாற்றங்கால்களில் விற்கப்படுகிறது.

அவருடைய செடிகளை நாம் கொண்டுவந்து நட வேண்டியதில்லை. அங்கே மழை குளிரோடு வருகிறது, இங்கே வெப்பத்தோடு வருகிறது. அந்தச் செடிகளுக்கு நம் ஊர் ஒத்துவராது. அவருடைய முறைதான் நமக்கு வேண்டியது. உங்கள் ஊர்ப் புறம்போக்கிலும் கரட்டிலும் சித்திரை வெயிலில் ஒரு நடை போய்வாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமல் பச்சையாக நிற்பது ஆவாரையா, நொச்சியா, உசிலையா, வெள்வேலா என்று பாருங்கள். அது நிற்கும் மண்ணையும், அங்கே தண்ணீர் வடியும் விதத்தையும் கவனியுங்கள். விதை முற்றும் நேரத்தில் கொஞ்சம் மட்டும் எடுத்து, மீதியைக் காட்டுக்கே விடுங்கள். கன்றுகளை வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நட்டால், மழை முடிவதற்குள் வேர் கீழே இறங்கும். முதல் ஒன்றிரண்டு கோடையில் தேவையறிந்து உயிர்த்தண்ணீர் கொடுங்கள். வேர் பிடித்த பிறகு குடத்தைக் கீழே வைத்துவிடலாம்.