மாணவரான ஆசிரியர்

காரைக்காலில் கடலோடு கலக்கும் அரசலாறு, கும்பகோணத்தைத் தொட்டு வருகிறது. அந்தக் கும்பகோணம் கல்லூரியில் 1880-ம் ஆண்டு தமிழாசிரியர் ஆனார் உ.வே.சாமிநாதையர். அந்த ஆண்டில் அவருக்கு 25 வயது நிறைந்தது. அவர் ஆங்கிலக் கல்லூரியில் படித்தவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஓய்வு பெற்ற தியாகராச செட்டியாரே தம் இடத்துக்கு அவரைச் சிபாரிசு செய்தார்.

அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று ஐயரைக் கேட்டார். இல்லை என்பதே பதில். முதலியார் கையெழுத்துப் பிரதி ஒன்றைத் தந்தார். அது சமண நூல். பல இடங்கள் விளங்கவில்லை. ஆசிரியர் மீண்டும் மாணவர் ஆனார். ஊர்ச் சமணர்களிடம் பொருள் கேட்டார். ஊர் ஊராக ஏட்டுச் சுவடி தேடினார்.

1887-ல் சிந்தாமணி அச்சேறியது. பிறகு புறநானூறும் மணிமேகலையும் வந்தன. 1942-ல் ஐயர் மறைந்தார். தெரியாததைக் கேட்டறிய அவர் கூசவில்லை. அதனால் தமிழருக்குப் பழந்தமிழ்ச் செல்வம் கிடைத்தது!