இரு களம் கண்ட எம்.ஜே. கோபாலன்

கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரு விளையாட்டுகளிலும் இந்திய நாட்டின் சார்பில் ஆடிய பெருமைக்குரிய தமிழக வீரர் எம்.ஜே. கோபாலன் ஆவார். நம் இரமணாசிரமப் பகுதியில் மாலை வேளைகளில் மட்டையும் பந்துமாக ஆடி மகிழும் இளைஞர் பலர் அவர் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆதலின் அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

செங்கற்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் 1909ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் பிறந்தவர் கோபாலன். வேகப்பந்து வீச்சில் அவர் காட்டிய திறனைக் கண்டறிந்தவர், சென்னையில் ஆடிவந்த ஆங்கிலேயரான சி.பி. ஜான்ஸ்டோன். பர்மா ஷெல் நிறுவனத்தில் கோபாலனுக்குப் பணி கிடைக்க வழிசெய்தவரும் அவரே. விளையாட்டு மட்டும் சோறு போடாத காலம் அது. மாத ஊதியம் தந்த அப்பணியே இரு களங்களிலும் நிற்க அவருக்குத் துணையாயிற்று எனலாம்.

1934 சனவரியில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் டெஸ்ட் போட்டியில் ஆடினார். ஈட்டியவை 18 ஓட்டங்கள், ஒரு விக்கெட். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகள் மோதிய ஆட்டத்தில் ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதற்பந்தை வீசியவரும் அவரே. ஒரே நாளில் முடிந்த அவ்வாட்டத்தில் சென்னை வென்றது. மறு ஆண்டில் தியான்சந்த் முதலான பெருவீரர்களுடன் நியூசிலாந்து சென்று ஹாக்கி ஆடித் திரும்பினார்.

1936ஆம் ஆண்டு அவரைக் கவர்வழியில் நிறுத்தியது. ஒருபுறம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. மறுபுறம் இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணி. இரண்டும் ஒரே கோடையில் நிகழ்ந்தமையால் ஒன்றைத் துறந்தே ஆகவேண்டும். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஆகஸ்டு 15ஆம் நாள் இந்திய ஹாக்கி அணி செருமனியை 8-1 என வென்று தங்கம் கொண்டது. இங்கிலாந்து சென்ற அணியோ உட்பூசலால் நலிந்து, மூன்று டெஸ்ட் போட்டிகளில் இரண்டில் தோற்றது. அம்மூன்றில் ஒன்றிலேனும் கோபாலனுக்கு இடம் கிட்டவில்லை. பின்னரும் அவர் டெஸ்ட் ஆடவில்லை.

அவர் தவறாகத் தேர்ந்தார் என்பார் உளர். முடிவு தெரிந்தபின் தீர்ப்புக் கூறுதல் எவர்க்கும் எளிது. தேர்வு செய்யும் நாளில் பெர்லின் தங்கமும் அவர் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. இங்கிலாந்தின் ஏமாற்றமும் தெரிந்ததில்லை. இதனை நாம் மறத்தலாகாது.

இழந்த பதக்கத்தோடு அவர் வாழ்வு முடிந்துவிடவுமில்லை. சென்னை அணிக்குப் பல்லாண்டுகள் ஆடினார். பின்னர் இந்திய அணித் தேர்வாளராகவும் பணியாற்றினார். சென்னை, இலங்கை அணிகளுக்கிடையே 1950களில் தொடங்கிய போட்டி கோபாலன் கோப்பை என அவர் பெயராலேயே வழங்கிற்று. 2003ஆம் ஆண்டு திசம்பர் 21ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

எப்பாடம் பயில்வது, எப்பணியை நாடுவது என இன்று இரு வழிகளுக்கிடையே நிற்கும் மாணவச் செல்வங்களும், அவர்க்கு வழிகாட்டும் பெரியோரும் இவ்வாழ்வை எண்ணிப் பார்த்தல் நன்று. தேர்ந்த வழி பொய்த்தபோதும் அதே களத்தில் நின்று உழைத்தமையே கோபாலனின் பெயரை நிலைபெறச் செய்தது என்பது நம் துணிபு.