இரு துறைகளை இணைத்த ஜி. என். இராமச்சந்திரன்

இயற்பியல் படித்தவருக்கு உயிரியலில் என்ன வேலை என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. நம் உடலிலுள்ள புரதங்களின் வடிவத்தைக் கணக்கிட்டுக் காட்டிய ஜி. என். இராமச்சந்திரன் அவர்களின் வாழ்வு இக்கேள்விக்குப் பதிலாக அமைகிறது.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். இயேசு சபையினர் நடத்தும் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1942இல் பட்டம் பெற்றார். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தாலும், இவரது மனம் இயற்பியலையே நாடியது. எனவே துறை மாறி, சர் சி. வி. இராமனின் மாணவரானார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று, 1949இல் முனைவர் பட்டத்துடன் நாடு திரும்பினார்.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார், இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க இராமனை அழைத்தார். இராமனோ தமக்குப் பதிலாகத் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 1952இல் அப்பொறுப்பை ஏற்றபோது இராமச்சந்திரனுக்கு ஏறக்குறைய 30 வயதுதான்.

அக்காலத்தில் சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிவியலாளர் பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் புதிராகவே இருப்பதை எடுத்துச் சொன்னார். நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாருக்கும் உறுதி தருவது இந்தப் புரதமே. அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது. அதில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ஆராய்ந்தார். மூன்று புரிகளை முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என்பதை 1954இல் இருவரும் உலகுக்கு அறிவித்தனர்.

பாராட்டோடு எதிர்ப்பும் வந்தது. அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்பதாகக் கிரிக், ரிச் என்ற இரு அறிஞர்கள் குறை கூறினர். இராமச்சந்திரன் சொற்போரில் இறங்கவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்க முடியும் என்பதைத் தேடத் தொடங்கினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன், அதுவரை அறியப்பட்ட படிகங்களின் அளவுகளைத் திரட்டிக் கணக்கிட்டார். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் திரும்ப முடியாது என்று காட்டும் வரைபடம் 1963இல் வெளியானது. இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பு கண்டறியப்பட்டாலும், அது சரிதானா என்பதை 'இராமச்சந்திரன் வரைபடம்' கொண்டு சோதிக்கின்றனர். குறை சொன்னவர்களின் கேள்வியே இக்கொடைக்கு வித்தானது!

இவரது மற்றொரு கொடை இவர் உருவாக்கிய மாணவர்கள். இயற்பியல் படித்து வந்த இளையோர், இவரிடம் உயிர்ப்பொருள்களை அளந்து, கணக்கிட்டு ஆராயப் பழகி, முனைவர் பட்டம் பெற்றனர். 1970களின் தொடக்கத்தில் பெங்களூருவில் மூலக்கூறு உயிர் இயற்பியலுக்கென்றே தனிப் பிரிவை இவர் தொடங்கினார். 1977இல் இலண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு இவருக்குக் கிடைக்கவில்லை. இறுதி ஆண்டுகளில் நோயால் துன்புற்று, 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.

நம் பகுதிக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். மின்னியலும் வேதியியலும் கைகோத்த துறை அது. அழகப்பா பல்கலைக்கழகத்திலோ உயிரியலும் கணினியும் இணைந்த உயிர்த் தகவலியல் துறை நடக்கிறது. ஆனால் நம் வீடுகளில், பதினோராம் வகுப்பில் பிள்ளை எடுக்கும் பாடப்பிரிவைக் கொண்டே அதன் வாழ்நாளைத் தீர்மானித்துவிடுகிறோம். கணக்குப் பிரிவு என்றால் பொறியியல், உயிரியல் என்றால் மருத்துவம். மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் படித்ததெல்லாம் வீண் என்று பிள்ளையை வாட்டுகிறோம்.

மின்பொறியியலை விட்டு இயற்பியலுக்கும், அங்கிருந்து உயிரியலுக்கும் சென்றவர் வழியைத் தவறவிட்டாரா, புது வழி திறந்தாரா? நம் பிள்ளைகளிடம் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், எந்தக் கேள்வி அவர்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கேட்போம்.