கரும்பறவையை வானில் விட்ட கெல்லி ஜான்சன்

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் இஷ்பெமிங் என்றொரு சிற்றூர் உண்டு. இரும்புச் சுரங்கங்கள் சூழ்ந்த அவ்வூரில், 1910ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள், கிளாரன்ஸ் லியோனார்ட் ஜான்சன் பிறந்தார். அவருடைய பெற்றோர் சுவீடன் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். ஒன்பது மக்களுள் இவர் ஏழாமவர். தந்தையார் கட்டட வேலை செய்தார். தாயார் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். வெளுத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பதில் மகனும் துணை நின்றார். பனிக்காலத்தில் சறுக்கு வண்டியில் மூட்டைகளை ஏற்றி இழுத்துச் செல்வார்.

கிளாரன்ஸ் என்ற பெயரைப் பெண்பெயராகத் திரித்து, கிளாரா என்று அழைத்துப் பள்ளித் தோழன் ஒருவன் ஏளனம் செய்தான். சினங்கொண்ட ஜான்சன் அவனைக் காலிடறி வீழ்த்த, அவன் கால் முறிந்தது. அதன்பின் தோழர்கள், அந்நாளில் எங்கும் பாடப்பட்ட ஒரு பாட்டிலிருந்து கெல்லி என்ற பெயரை எடுத்து அவருக்குச் சூட்டினர். ஆசிரியன் என்ற முறையில் இச்செயலை நான் பாராட்டமாட்டேன். எனினும் அப்பெயரே இறுதிவரை அவருக்கு நிலைத்தது. முன்கோபமும் அவரை விட்டு நீங்கவில்லை.

பொதுநூலகமே ஏழைச் சிறுவருக்குச் செல்வமாக வாய்த்தது. விமானங்களைப் பற்றிய நூல்களையும் கதைகளையும் தேடித் தேடிப் படித்தார். பதின்மூன்றாம் வயதில் தாம் வரைந்த விமான அமைப்புக்குப் பரிசு பெற்றார். பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் பயின்று, 1932இல் இளங்கலைப் பட்டமும் 1933இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்குக் காற்றுச் சுரங்கம் ஒன்று இருந்தது. பெருங்குழாய் போன்ற கூடத்தினுள் விமானத்தின் சிறு மாதிரியை நிறுத்தி, காற்றை விசையுடன் செலுத்தி, அம்மாதிரி எவ்வாறு அசைகிறது என்று அளக்கும் அமைப்பே அது.

அக்காலத்தில் லாக்ஹீட் என்னும் விமான நிறுவனம் நொடித்துப் போய், 1932இல் வெறும் 40,000 அமெரிக்க வெள்ளிக்குக் கைமாறியிருந்தது. புதிய உரிமையாளர்கள் தங்கள் நம்பிக்கை அனைத்தையும் எலக்ட்ரா என்ற பயணி விமானத்தின்மீது வைத்திருந்தனர். அதன் மாதிரி மிச்சிகன் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்டபோது மாணவர் ஜான்சனும் உடனிருந்தார். பேராசிரியர் அதனை ஏற்கத்தக்கது என்று அறிக்கை தந்தார். ஆனால் அவ்விமானம் பறக்கையில் திசை நிலைத்தன்மை இழக்கும் என்று மாணவருக்குத் தோன்றியது.

1933இல் அதே நிறுவனம் அவருக்கு மாதம் 83 வெள்ளிச் சம்பளத்தில் வேலை கொடுத்தது. வேலையில் சேர்ந்தவுடன் அவர் தலைமைப் பொறியாளர் ஹால் ஹிப்பர்டிடம் கூறிய செய்தி, உங்கள் புதிய விமானம் சரியில்லை என்பதே. எண்ணிப் பாருங்கள், மாணவர்களே! அவருக்கு வயது 23. தம் பேராசிரியரின் முடிவையும், தமக்கு வேலை தந்தோரின் கனவையும் ஒருசேர மறுத்துரைத்தார். அன்றே வேலையை இழந்திருக்கலாம். ஹிப்பர்டோ பெருந்தன்மையுடையவர். இளைஞரைச் சினந்து அனுப்பாமல், விமான மாதிரியை அவரிடமே ஒப்படைத்து, குறையைக் கண்டவரே திருத்தி வரட்டும் என்று மிச்சிகனுக்கு அனுப்பினார். மாதிரியைக் காரில் ஏற்றிக்கொண்டு சென்ற ஜான்சன் 72 முறை சோதனை நடத்தினார். வால்பகுதியின் இரு முனைகளிலும் நிமிர்ந்த தகடுகளைப் பொருத்தி, நடுவிலிருந்த செங்குத்து வாலை அகற்றியபோது விமானம் நிலைபெற்றது. எலக்ட்ரா 1934இல் பறந்தது. நிறுவனம் பிழைத்தது. இவ்வரலாற்றில் ஜான்சனுக்கு ஈடாக ஹிப்பர்டையும் நான் மதிக்கின்றேன்.

இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற பி-38 போர் விமானத்தை உருவாக்கியதில் இருவருக்கும் பங்குண்டு. 1943இல் ஜெட் விமானம் ஒன்றை 180 நாள்களில் முடித்துத் தருவதாக ஜான்சன் அரசுக்கு வாக்களித்தார். நாற்றம் வீசும் பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றின் அருகே, சர்க்கஸ் கூடாரத்தின் கீழ், சிறு குழுவினருடன் உழைத்து 143 நாள்களில் முடித்தார். அக்குழுவுக்கு ஸ்கங்க் வர்க்ஸ் என்று வேடிக்கைப் பெயர் ஏற்பட்டது. ஸ்கங்க் என்பது துர்நாற்றம் பரப்பும் ஒரு விலங்கு.

போருக்குப்பின் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று ஐயுற்று வாழ்ந்தன. மறுதரப்பின் படைபலத்தை வானிலிருந்து படமெடுக்க, ஜான்சன் குழுவினர் யு-2 என்ற வேவு விமானத்தைச் செய்தனர். 1955இல் பறந்த அது 70,000 அடி உயரத்தில் மெதுவாகச் செல்லும். 1960 மே முதல் நாள் சோவியத் ஏவுகணை அதனை வீழ்த்தியது; விமானி பவர்ஸ் சிறைப்பட்டார். ஒருநாள் இவ்வாறு நேரும் என்பதை ஜான்சன் முன்னரே உணர்ந்திருந்தார். உயரம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும் என்று துணிந்து, 1959இலேயே ஒலியைப்போல் மும்மடங்கு வேகங்கொண்ட விமானத்துக்கான பணியை ஏற்றிருந்தார். ஏ-12 எனப்பட்ட அது 1962 ஏப்ரலில் பறந்தது. அதிலிருந்து வளர்ந்ததே எஸ்.ஆர்-71. 1964 டிசம்பர் 22இல் முதன்முறை பறந்த அதனைக் கரும்பறவை என்றே உலகம் அழைத்தது.

அதன் பெரும்பகை வெப்பம். அவ்வுயரத்தில் காற்றின் குளிர் சுழிக்குக் கீழ் 50 பாகையையும் தாண்டும். ஆயினும் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் விரையும்போது முன்னே அழுந்தும் காற்று விமானத்தின் தோலைப் பல இடங்களில் 300 பாகைக்கு மேல் சூடேற்றும். விமானிகள் உணவுக் குழலைக் கண்ணாடியருகே பிடித்துச் சூடாக்கிக் கொள்வார்களாம்! வழக்கமான அலுமினியம் இவ்வெப்பத்தில் வலுவிழந்துவிடும். எனவே எஃகின் வலிமையும் குறைந்த எடையும் உடைய டைட்டேனியத்தால் பெரும்பகுதியும் செய்யப்பட்டது. அவ்வுலோகம் அமெரிக்காவில் போதிய அளவு கிடைக்கவில்லை. இடைத்தரகர்கள் வழியாகச் சோவியத் ஒன்றியத்திலிருந்தே வாங்கினர். எவரை வேவு பார்க்க எண்ணினரோ, அவரே அறியாமல் உலோகம் விற்றனர்!

டைட்டேனியம் எளிதில் பணியவில்லை. கோடையில் ஒட்டிய பாகங்கள் விரைவில் விரிசலுற்றன. குளிர்காலத்தில் ஒட்டியவை உறுதியாக நின்றன. காரணம் என்ன? ஒவ்வொரு பாகத்தின் வரலாற்றையும் ஏட்டில் குறித்து வைத்திருந்ததனால் விடை கிடைத்தது. பாசி படியாதிருக்க, கோடையில் நகராட்சி குடிநீரில் குளோரினை மிகுதியாகக் கலந்தது. பாகங்களைக் கழுவியதும் அந்நீரே. காய்ச்சி வடித்த நீருக்கு மாறியதும் குறை நீங்கியது. மரையாணிகளின் தலைகள் கழன்றதற்கோ, ஸ்பானர்களின்மேல் பூசப்பட்டிருந்த காட்மியம் காரணமாயிற்று. அத்தகைய கருவிகள் அனைத்தும் வெளியேற்றப்பட்டன. இவ்விமானத்தில் எளிய வேலை ஒன்றைக் கண்டுபிடிப்போர்க்கு 50 வெள்ளி தருவதாக ஜான்சன் அறிவித்தார். அப்பணம் அவர் பையிலேயே தங்கிற்று.

நண்பகலில் நம் வீட்டுத் தகரக் கூரை வெப்பத்தால் விரிந்து ஓசையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். கரும்பறவையும் பறக்கையில் சில அங்குலம் நீண்டது. ஆகவே அதன் இறக்கைத் தகடுகளில், விரிய இடம் தரும் வரிமடிப்புகளை அமைத்தனர். தரையில் நிற்கையில் தொட்டிகளின் இணைப்புகளில் எரிபொருள் கசிந்து சொட்டும். தீக்குச்சியை இட்டாலும் எளிதில் பற்றாத தனிவகை எரிபொருள் அது. அதனை மூட்டவே, காற்றுப்பட்டால் தானே எரியும் வேதிப்பொருள் ஒன்றை எந்திரத்துள் செலுத்த வேண்டியிருந்தது.

எந்திரத்தின் வாயில் நீண்டதொரு கூம்பு இருந்தது. ஒலியினும் விரைந்து வரும் காற்றை எந்திரம் நேரே ஏற்காது. அதன் வேகத்தைத் தணித்து அழுத்தித் தருவது கூம்பின் பணி. விமானம் விரைய விரைய அது 26 அங்குலம்வரை பின்னோக்கி நகரும். சற்றே பிசகினாலும் ஒருபக்க எந்திரத்துக்குக் காற்று தடைபட்டு, விமானம் அப்பக்கம் வெட்டித் திரும்பும். விமானிகளின் தலைக்கவசங்கள் சுவரில் மோதும்.

விமானியும் வேவுக் கருவிகளை இயக்கும் அதிகாரியும் விண்வெளி வீரரைப்போல் உடையணிந்து அமர்வர். குறைந்த எரிபொருளுடன் புறப்பட்டு, வானிலேயே மற்றொரு விமானத்திடம் நிரப்பிக்கொண்டு மேலேறுவர். பட்டப்பகலிலும் விண்மீன்களைக் கண்டு வழியறியும் கருவி அதில் இருந்தது. ஆயுதம் இல்லை, ஏவுகணை வந்தால் வேகத்தைக் கூட்டுவதே தற்காப்பு. 1968 முதல் ஒக்கினாவாவிலிருந்து வியட்நாம் வானுக்குச் சென்றது. கட்டப்பட்ட 32இல் 12 விமானங்கள் விபத்துகளில் அழிந்தன; பகைவரால் வீழ்ந்தது ஒன்றுமில்லை. 1976 ஜூலையில் மணிக்கு 3,529 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அவ்வேகத்தில் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஐந்தாறு நிமிடமே ஆகும்.

பிறர் குறையைக் கூறத் தயங்காத ஜான்சன் தம் குறையையும் மறைக்கவில்லை. ஹைட்ரஜனால் இயங்கும் விமானம் ஒன்றைச் செய்ய 1950களில் அரசு பணம் ஒதுக்கியிருந்தது. அது போதிய தொலைவு பறக்காது என்று கணக்கிட்டறிந்தவுடன், திட்டத்தைக் கைவிடுமாறு தாமே வேண்டி, செலவாகாத பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

1975இல் ஓய்வு பெற்றார். கரும்பறவையை விமானப்படை 1990இல் ஓய்வு கொடுத்து அனுப்பியது. (பின்னர்ச் சில விமானங்கள் சிறிது காலம் மீண்டும் பறந்து, 1999உடன் அனைத்தும் நின்றன.) 1990 மார்ச் 6இல் ஒரு கரும்பறவை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வாஷிங்டனுக்கு 64 நிமிடம் 20 விநாடியில் சென்றது. அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள், எண்பதாம் வயதில், ஜான்சன் காலமானார். வாஷிங்டனில் இறங்கிய அவ்விமானம் அந்நகருக்கு அருகிலுள்ள ஸ்மித்சோனியன் விமானக் காட்சிக்கூடத்தில் நிற்கின்றது.