ஒரு லட்சம் ரூபாய் சவால்: பேய், ஜோசியம், அற்புத சிகிச்சையைச் சோதித்த ஆபிரகாம் கோவூர் யார்?

மதுரை ஒத்தக்கடையில் இருந்து உள்ளே திரும்பிப் போனால் வரும் ஊர் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர். வாத நோய் தீரும் தலம் என்ற பெயரும் இதற்கு உண்டு. பக்கவாதமோ மூட்டு வாதமோ, இங்குள்ள திருமறைநாதரை வேண்டிக்கொண்டால் சரியாகும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரி ஒரு நம்பிக்கை இல்லாத வட்டாரமே நம்மிடம் கிடையாது. ஒரு ஊரில் மஞ்சள் காமாலைக்கு, இன்னொரு ஊரில் பாம்புக்கடிக்கு, வேறொரு ஊரில் பேய் ஓட்ட.

சரி, போய் வந்து குணமாகிவிட்டது என்று சொல்பவர்கள் எல்லாரும் பொய்யா சொல்கிறார்கள்? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தவர் ஆபிரகாம் தாமஸ் கோவூர். சாமியார்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் சவால் விட்டவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். அவர் செய்த வேலையில் அது ஒரு பகுதி மட்டும்தான்.

கங்கை தண்ணீரும் ரயில் நிலையக் குழாயும்

கோவூர் பிறந்தது 1898 ஏப்ரல் 10, கேரளத்தின் திருவல்லாவில். அப்பா மார்த்தோமா சபையின் பாதிரியார். கல்லூரிப் படிப்புக்காக மகன் கல்கத்தா போனார், தம்பியும் கூட. அந்தத் தம்பி பெஹனான் பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் யோகாவை ஆராய்ந்து 1937-ல் புத்தகம் எழுதியவர்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கங்கை தீர்த்தம் கொண்டுவரும்படி அக்கம்பக்கத்தில் கேட்டிருந்தார்கள். கோவூர் கொண்டுவந்து கொடுத்ததோ, வரும் வழியில் ஒரு ரயில் நிலையத்தில் பிடித்த சாதாரணத் தண்ணீர். பிறகு அவர் காதுக்கு வந்த செய்திதான் அவரை உலுக்கியது. அந்தத் தண்ணீரைக் குடித்து நோய் தீர்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, தண்ணீர் கொடுத்த கோவூரைத் தவிர! குணமானது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காரணம் தண்ணீர் இல்லை. இதை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

வாதத்தையே எடுத்துக்கொள்வோம். முகவாதத்தில், அதாவது பெல்ஸ் பால்சியில், முக நரம்பு வீங்கி வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். எந்த வைத்தியமும் பார்க்காவிட்டாலும் 10 பேரில் சுமார் 7 பேருக்கு சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும். அந்த இடைவெளியில் எந்தக் கோயிலுக்குப் போனாலும், எந்தத் தைலம் தேய்த்தாலும் பலித்த மாதிரிதான் தெரியும். ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்திலும் வாய் கோணலாம். அதற்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தைலத்திலேயே சரியானது என்று யாராவது சொன்னால், அந்த நாலரை மணி நேரம் அங்கேயே போய்விடும். கும்பிடுவதில் ஆபத்து இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போவதில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பைபிள் பாடம்

1928-ல் கோவூர் இலங்கை போனார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர் வேலை. பாதிரியாரின் மகன் என்பதால் பைபிள் பாடமும் எடுக்கச் சொன்னார் கல்லூரி முதல்வர். தேர்வில் பிள்ளைகள் எல்லாரும் பாஸ். ஆனால் அடுத்த வருஷம் அந்தப் பாடம் அவருக்குத் தரப்படவில்லை. பிள்ளைகள் தேறிவிட்டார்கள், நம்பிக்கையைத்தான் தொலைத்துவிட்டார்கள் என்பது முதல்வரின் வருத்தம்.

1959-ல் கொழும்பு தர்ஸ்டன் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்றார். மற்றவர்கள் சாய்வு நாற்காலி தேடும் வயதில் இவருடைய இரண்டாவது வாழ்க்கை ஆரம்பித்தது. இலங்கை பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவரானார். பேய் வீடு, கல் எறியும் ஆவி, சாமி இறங்கிய பெண் என்று எங்கிருந்து தகவல் வந்தாலும் கிளம்பிவிடுவார்.

போன இடத்தில் எல்லாம் அவர் முதலில் பேசியது அந்த வீட்டு ஆட்களோடுதான். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்பார். கல் எறிவதும் துணி தீப்பிடிப்பதும் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் ஒருவரின் கைவேலையாகத்தான் முடியும். அதுவும் வீட்டில் வாய் திறந்து எதையும் சொல்ல முடியாத ஒருவராக இருப்பார். கையும் களவுமாகப் பிடித்துத் திட்டுவதோடு அவர் நிறுத்தவில்லை. மனசில் என்ன பாரம் என்று கேட்டார். ஹிப்னாடிசம் செய்தார், குடும்பத்தாரோடு பேசினார்.

சினிமாவுக்கு வந்த பேய் இல்லாத கதை

இந்த அனுபவங்களை அவர் பத்திரிகைகளில் எழுதினார். அதில் ஒன்று 1972-ல் மலையாளத்தில் புனர்ஜன்மம் என்ற படமானது. பிரேம் நசீர், ஜெயபாரதி நடிக்க கே.எஸ்.சேதுமாதவன் இயக்கியது. அடுத்த வருஷம் தமிழில் மறுபிறவி. முத்துராமன், மஞ்சுளா நடித்த படம். அம்மா மீது இருந்த அளவு மீறிய பிடிப்பால் மனைவியோடு இயல்பாக வாழ முடியாத ஒருவரின் கதை. பேயும் கிடையாது, செய்வினையும் கிடையாது. மனசுக்குச் சிகிச்சை, அவ்வளவுதான். பேய் இல்லை, மனநோய்தான் என்று சந்திரமுகி 2005-ல் பிரமாண்டமாகச் சொன்னதற்கு 32 வருஷம் முன்பே தமிழ்த் திரையில் இப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது. சந்திரமுகியிலும் சிகிச்சை முடிவது என்னவோ பேயோட்டும் சடங்கில்தான்.

இங்கே கோவூரையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். அவர் பெயருக்கு முன்னால் வரும் டாக்டர், மருத்துவ டாக்டர் கிடையாது. படித்தது தாவரவியல். தன்னிடம் வந்தவர்கள் குணமானார்கள் என்பதற்கு அவர் எழுதியதுதான் பெரும்பாலும் ஆதாரம். கங்கை தண்ணீருக்கு அவர் வைத்த அதே அளவுகோலை ஹிப்னாடிசத்துக்கும் வைத்தால், இதில் எத்தனை பேர் தானாகவே சரியாகியிருப்பார்கள் என்ற கேள்வி வரத்தான் செய்யும். அவருக்கு எழுதப்படும் புகழுரைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

சவாலில் என்ன இருந்தது?

1963-ல் ஒரு லட்சம் இலங்கை ரூபாய் அறிவித்தார். அன்றைக்கு அது வீடு வாங்கும் பணம். முத்திரை வைத்த கவருக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படிக்க வேண்டும், அல்லது தண்ணீர் மேல் நடக்க வேண்டும், அல்லது வெட்டுப்பட்ட கை காலைப் பிரார்த்தனையால் ஒரு அங்குலமாவது வளர வைக்க வேண்டும். இப்படி நீளும் பட்டியலில் ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும். தண்ணீரைப் பெட்ரோலாக மாற்றுவதும் அதில் உண்டு. 1996-ல் மூலிகை பெட்ரோல் என்று தமிழ்நாடே பரபரத்தது ஞாபகம் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்.

ஜோசியர்களுக்குத் தனி சோதனை. 10 ஜாதகம் அல்லது 10 கைரேகை தருவார். எது ஆண், எது பெண், யார் உயிரோடு இருக்கிறார், யார் இறந்துவிட்டார் என்று பிரித்துச் சொன்னால் போதும். வெட்டியாக வருபவர்களைத் தடுக்க 1,000 ரூபாய் டெபாசிட் கட்டச் சொன்னார், தோற்றால் அது போச்சு. அவர் சாகும் வரை பரிசைத் தட்டிச் சென்றவர் யாரும் இல்லை. அமெரிக்காவில் மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி இதே மாதிரி 1,000 டாலர் சவாலை ஆரம்பித்தது 1964-ல், கோவூருக்கு ஒரு வருஷம் கழித்து.

எழுபது வயதைத் தாண்டியும் இந்தியா முழுக்க ஊர் ஊராகப் போய் விபூதி வரவழைப்பது எப்படி என்று மேடையில் செய்து காட்டினார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உருட்டிக் காய வைத்த விபூதி உருண்டையை விரல் இடுக்கில் ஒளித்து வைத்து நசுக்கினால் சாம்பல் கொட்டும்.

அவருக்குப் பிறகு

அற்புத மருந்து விளம்பரங்களைத் தடுக்க இந்தியாவில் 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நிலைமை வேறு. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தார்கள். சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியவில்லை. குணமாகும் என்ற நம்பிக்கையில் தர்காவைத் தேடிக் குடும்பங்கள் அழைத்து வந்தவர்களுக்காக முளைத்த காப்பகங்களில் ஒன்று அது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017 மனநல பராமரிப்புச் சட்டம் தெளிவாகத் தடை போட்டது.

கோவூர் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் பி.பிரேமானந்த். கோவை போத்தனூரில் இருந்துகொண்டு இந்தியன் ஸ்கெப்டிக் என்ற பத்திரிகையை நடத்தினார். லட்ச ரூபாய் சவாலையும் கையில் எடுத்தார். 2009-ல் போத்தனூரிலேயே காலமானார்.

கோவூர் இறந்தது 1978 செப்டம்பர் 18, கொழும்பில், 80 வயதில். சடங்கு எதுவும் வேண்டாம் என்று முன்பே எழுதி வைத்திருந்தார். கண்கள் கண் வங்கிக்கு, உடல் மருத்துவ மாணவர்களுக்கு. எலும்புக்கூட்டை அவர் எழுதி வைத்தது, தான் பாடம் நடத்திய தர்ஸ்டன் கல்லூரியின் அறிவியல் ஆய்வகத்துக்கு.