காலில் வளையம் மாட்டியவர்

டிசம்பர் வந்தா நமக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். சைபீரியாவுல இருக்கற வாத்துக்கு? குளிரை அதோட இறகு தாங்கிடும். ஆனா ஏரியே உறைஞ்சு போனா சாப்பாட்டுக்கு எங்கே போகும்? கரடி மாதிரி குகைக்குள்ள படுத்துத் தூங்கவும் முடியாது. அதனால இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வந்துடுது.

சரி, அந்த வாத்து அங்கேருந்துதான் வந்ததுன்னு எப்படி நிரூபிப்பீங்க? ஜிபிஎஸ் இல்லாத காலத்துல இந்தியாவில் இதற்கு விடை தேடியவர் சாலிம் அலி.

1896-ல் பம்பாயில் பிறந்தவர். சின்ன வயசுலயே அப்பா, அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க; வளர்த்தது மாமா. பையன் ஏர்கன்னால சுட்ட ஒரு சிட்டுக்குருவிக்குத் தொண்டையில மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவின்னு கேட்கப் போன இடம்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். அன்னிக்குப் பிடிச்ச பறவைப் பைத்தியம் கடைசி வரை விடவே இல்லை.

கல்லூரிப் படிப்பை முதல் வருஷத்துலயே விட்டுட்டு பர்மாவுக்குப் போனார். பட்டம் இல்லைங்கறதால, பின்னாடி விலங்கியல் துறையில் கேட்ட வேலையும் கிடைக்கலை. மனுஷர் சும்மா இருக்கலை. ஜெர்மனிக்குப் போய் ஸ்ட்ரேஸ்மன் என்ற பேராசிரியரிடம் பயிற்சி எடுத்தார். வட கடலில் உள்ள ஹெலிகோலாந்து தீவில் பறவையைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் முறையைப் பழகினார்.

டெக்னாலஜி ரொம்ப சிம்பிள். லேசான உலோக வளையம், அதில் ஓர் எண், ஒரு முகவரி. எங்கேயோ யாரோ அந்தப் பறவையைப் பிடிச்சு, எண்ணைப் பார்த்துக் கடிதம் போட்டாத்தான் உங்களுக்கு ஒரே ஒரு டேட்டா பாயின்ட் கிடைக்கும். ஆயிரக்கணக்குல மாட்டினாலும் பதில் வர்றது கொஞ்சம்தான்.

இந்த வேலை பெரிசா நடக்கப் பணம் வந்த வழிதான் வேடிக்கை. 1957-ல் கர்நாடகக் காடுகளில் குரங்குக் காய்ச்சல் பரவியது. வலசைப் பறவைகள் சைபீரியாவிலிருந்து உண்ணி வழியாக வைரஸைக் கொண்டு வந்திருக்குமோ என்று சந்தேகம். அதை ஆராய உலக சுகாதார நிறுவனம் உதவியது. காய்ச்சலைப் பறவைதான் கொண்டுவந்ததுன்னு நிரூபணமாகலை. ஆனா அந்த உதவியால இந்தியா முழுக்கப் பறவைகளுக்கு வளையம் மாட்டினாங்க. ராஜஸ்தானின் பரத்பூரில் வளையம் போட்ட வாத்துகள் சைபீரியாவில் கிடைத்தன. நம்ம கோடியக்கரையிலும் வலை விரித்தார்கள். ஆர்க்டிக் பக்கம் முட்டையிட்டுவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வரும் கொசு உள்ளான் உங்க உள்ளங்கையில அடங்கிடும்!

பரத்பூரையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மன்னர்கள் வாத்து வேட்டையாடிய சதுப்பு நிலம் அது. 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் சுட்டது 4,273 பறவைகள். சுதந்திரத்துக்கு அப்புறம் தண்ணியை வடிச்சு வயலாக்கணும்னு கோரிக்கை எழுந்தது. சாலிம் அலி நேருவரை விஷயத்தைக் கொண்டுபோய்த் தடுத்தார். பின்னாளில் அது தேசியப் பூங்கா ஆனது.

1987-ல், தொண்ணூறு வயசுல அவர் காலமானார். உங்க ஊர் ஏரியில இந்தக் குளிர்காலத்துல புதுசா ஒரு பறவை தெரிஞ்சா, அதோட காலையும் ஒருதடவை பாருங்க. வளையம் இருந்தா எண்ணைக் குறிச்சு பம்பாய்க் கழகத்துக்கு அனுப்புங்க. அந்தக் கழகம் இன்னமும் அந்த எண்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு.